கில்பெக் ஊர்த் தேவாலயம்: கல்லின் பொருளும் உரையின் பொருளும்

ஒரு படைப்பைக் கற்க முனைவோர் இரு வகையினர். படைப்பை முதலில் நோக்கி, அதன் அமைப்பை உணர்ந்து, பின்னர்ப் பொருள் காண முயல்வோர் ஒரு வகையினர். பொருளை முன்னரே வரையறுத்துக்கொண்டு, அதற்குச் சான்று தேடிப் படைப்பினுள் நுழைவோர் மற்றொரு வகையினர். செய்யுளைக் கற்போரிடையே காணப்பெறும் இவ்விரு போக்குகளும் சிற்பத்தையும் கட்டடத்தையும் கற்போரிடையேயும் உள்ளன. நூலில் மூலம் ஓரிடத்திலும் உரை ஓரிடத்திலும் அச்சிடப்பெறுவதால், உரை தவறின் மூலத்தைக் கொண்டு திருத்திக்கொள்ள இயலும். கல்லுக்குச் சொல்லப்படும் உரையோ காண்பவர் கண்ணோடு கலந்துவிடுகிறது. சொன்னதையே கண்டதாக அவர் நம்பிவிடுகிறார்.

இங்கிலாந்தின் மேற்கெல்லையிலுள்ள கில்பெக் என்னும் சிற்றூரின் தேவாலயம் இதனை விளக்குதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ 880 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பெற்ற இச்சிறு கோயிலின் சிற்பங்களைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவற்றுட் சில கல்லைக் காட்டுகின்றன. சில கல்லை மறைக்கின்றன. எது காட்டுகிறது, எது மறைக்கிறது என ஆராய்வது, கலையைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

ஊரும் காலமும்

ஹெரிபோர்ட் நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் கில்பெக் அமைந்துள்ளது. வேல்ஸ் நாட்டின் எல்லை அதற்கு அண்மையிலேயே உள்ளது. ஆர்ச்சன்பீல்டு எனப்பட்ட இந்நிலப்பகுதி முற்காலத்தில் எர்கிங் என்னும் வேல்ஸ் அரசின் பகுதியாய் இருந்தது. ஆதலின், 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, மொழியாலும் மரபாலும் வேறுபட்ட மக்கள் இங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். வென்றவர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு இன்றும் தேவாலயத்துக்கு மேற்கே உயர்ந்து நிற்கிறது. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் ஆணையால் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலும் இவ்வூர் இடம்பெற்றுள்ளது.

புனித மரியாள், புனித டேவிட் ஆகிய இருவர் பெயராலும் இத்தேவாலயம் வழங்குகிறது. இவற்றுள் டேவிட் என்னும் பெயரே பழையது. நார்மானியர் வருமுன்னரே வேல்ஸ் மரபினர் வழிபட்ட பெயர் அது. இன்று நிற்கும் கட்டடம் 1140ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. கில்பெக்கின் தலைவனாயிருந்த ஹியூ என்பான் இதனை எழுப்புவித்தான். பின்னர் இது குளோஸ்டர் நகரத் துறவிமடத்தின் உரிமையாயிற்று.

இது மறைமாவட்டத் தலைமைக் கோயிலன்று, பெருமடத்துக் கோயிலுமன்று. ஓர் ஊரையும் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகளையும் ஒரு பங்காகக் கொண்டு, அப்பங்கின் மக்கள் ஞானநீராட்டு முதல் நல்லடக்கம் வரை நாடிவரும் ஊர்க்கோயிலே இது. உழவரும் ஆயரும் போர்வீரரும் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளுமே இதன் சுவர்களை நாள்தோறும் கண்டோர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். இவ்வுண்மையை மறவாதிருத்தல், இதன் சிற்பங்களுக்குப் பொருள் காண்போர்க்கு இன்றியமையாததாகும்.

மூன்று கூறுகள்

கட்டடத்தின் அமைப்பு மிக எளியது. மேற்கிலிருந்து கிழக்காக மூன்று கூறுகள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்துள்ளன. முதலாவது, மக்கள் கூடி நிற்கும் நீள்சதுரக் கூடம். இரண்டாவது, அதனினும் குறுகிய, வழிபாட்டை நடத்தும் குருமார்க்குரிய பகுதி. மூன்றாவது, பலிபீடத்துக்குரிய அரைவட்ட அறை. ஒன்றினும் ஒன்று சிறுத்துச் செல்வதால், மேற்கில் நிற்பவரின் பார்வை தானாகவே கிழக்கு நோக்கி ஈர்க்கப்படுகிறது. சுவர்கள் தடித்தவை, சன்னல்கள் சிறியவை. அரைவட்ட அறையின் கூரையைத் தாங்கும் விலா வளைவுகள் கோணல் வரிகளால் அணி செய்யப்பெற்றுள்ளன.

இத்தகைய அமைப்பு நார்மானியர் காலத்தில் பொதுவாக வழங்கியதே. எனினும், பிற ஊர்களில் பெருகிய மக்கள் தொகைக்கும் செல்வத்துக்கும் ஏற்ப, பின்வந்த தலைமுறையினர் பக்கக் கூடங்களைச் சேர்த்தனர், சன்னல்களை அகலப்படுத்தினர், கோபுரங்களை எழுப்பினர். அரைவட்ட அறைகளை இடித்துச் சதுரமாக்கினர். கில்பெக்கில் இவை நிகழவில்லை. 14ஆம் நூற்றாண்டுக்குப் பின் இப்பகுதி வளம் குன்றியதே இதற்குக் காரணமாகலாம் என அறிஞர் கருதுவர். ஊரின் வறுமை ஒருவகையில் கோயிலுக்குக் காவலாயிற்று போலும். 1864, 1898, 1962 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பெற்ற பழுதுபார்ப்புகளும் சிற்பங்களின் இடத்தை மாற்றவில்லை. ஒவ்வொரு கல்லும் சிற்பி வைத்த இடத்திலேயே பெரும்பாலும் நிற்பதுதான் கில்பெக்கின் தலையாய சிறப்பு.

தெற்கு வாயில்

மக்கள் நுழையும் தெற்கு வாயிலே இக்கோயிலின் புகழுக்கு முதற்காரணம். அப்பகுதிக்குரிய செந்நிற மணற்கல்லில் இது செதுக்கப்பெற்றது. வாயிலின் நெற்றிபோல் அமைந்த அரைவட்டக் கல்லில் கனிகளுடன் கூடிய ஒரு கொடி படர்ந்து நிற்கிறது. வாழ்வளிக்கும் மரம் என்பர். அதனைச் சூழ்ந்த வளைவில் வட்ட வட்டமான சட்டங்களுக்குள் விலங்குகளும் பறவைகளும் அடைபட்டுள்ளன. இருமருங்கும் நெடும்பாம்பு போன்ற உருக்கள் உடலை வளைத்துக் கல்லின் நீளமெல்லாம் நெளிகின்றன. இடப்புறத் தூணில், இறுக்கமான உடையும் காற்சட்டையும் அணிந்த வீரர் இருவர் கொடிப் பின்னலினூடே மேலும் கீழுமாக நிற்கின்றனர். வலப்புறத் தூணின் தலைப்பில் உள்ள முகமொன்றின் வாயிலிருந்து இலைக்கொடிகள் புறப்படுகின்றன.

இவ்வாயிலில் பல மரபுகள் கலந்துள்ளன. பின்னிப் பிணைந்த பாம்புருக்களில் வடகடல் கடந்து வந்த ஸ்கண்டிநேவியரின் சாயல் தெரிகிறது. வாயிலை வளைவடுக்குகளால் அணிசெய்யும் முறையில் மேற்குப் பிரான்சின் தாக்கம் காணப்படுகிறது. கொடிப் பின்னலில் இங்கிலாந்தின் பழைய மரபு தொடர்கிறது. ஆயினும் இவை ஒட்டுப்போட்டாற்போல் தோன்றவில்லை. கொடியின் வளைவும் பாம்பின் வளைவும் வீரர் உடையின் மடிப்பும் ஒரே ஓட்டமுடைய கோடுகளாய் இழைகின்றன. கடன் வாங்கியதைத் தன்வயமாக்கும் ஆற்றல் இச்சிற்பிக்கு இருந்ததை இவ்வொருமை காட்டுகிறது.

சிற்பியின் பெயர் கிடைத்திலது. எனினும் அவன் கூட்டத்தார் செய்த பணிகள் பல அப்பகுதியில் எஞ்சியுள்ளன. எர்டிஸ்லி என்னும் ஊரிலுள்ள ஞானநீராட்டுத் தொட்டியில் இதே போன்ற உடையணிந்த வீரர் இருவர் பொருகின்றனர். காசில் புரோம் ஊரிலுள்ள தொட்டியும் இக்கூட்டத்தாரின் கைவண்ணமே. இவற்றை ஒருங்கே ஹெரிபோர்ட்ஷயர் சிற்பப் பள்ளி என்பது வழக்கம். மால்கம் தர்ல்பி என்னும் அறிஞர் 1999இல் வெளியிட்ட நூல் இப்பள்ளியின் வரலாற்றை விரிவாக ஆராய்கிறது.

உள்வளைவின் அறுவர்

வாயிலைப் புகழ்வோர் பலர் உள்ளே சென்றதும் அதே புகழுரையைத் தொடர்கின்றனர். அது நடுநிலையாகாது. மக்கள் கூடத்தையும் குருமார் பகுதியையும் பிரிக்கும் வளைவின் இருபுறத்தும், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகப் பக்கத்துக்கு மூவர் வீதம் அறுவர் உருவங்கள் உள்ளன. திறவுகோல் ஏந்தியவர் புனித பேதுரு என எளிதில் அறியலாம். ஏனையோரை அவ்வாறு இனங்காணல் எளிதன்று. ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோ தே கம்போஸ்தெலாப் பெருங்கோயிலின் தெற்கு வாயிலில் தூண்மீது புனிதரை அடுக்கும் முறை உண்டு. அதன் எதிரொலியே இஃது என்பர்.

கருத்து உயர்ந்ததே. தூண் கூரையைத் தாங்குவது போல் புனிதர் திருச்சபையைத் தாங்குகின்றனர் என்பது கட்டடத்தின் வாயிலாகவே உணர்த்தப்படுகிறது. ஆனால் செயற்பாட்டில் வாயிலின் உயிர்ப்பு இங்கே இல்லை. உருவங்கள் விறைத்து நிற்கின்றன. உடையின் மடிப்புகள் வெறும் வரிகளாய் நின்றுவிடுகின்றன. முகத்துக்கு முகம் வேறுபாடு குறைவு. கொடியையும் விலங்கையும் செதுக்குவதில் தேர்ந்த கை மனித உருவத்தில் தயங்குவதை இங்கே உணரலாம். இக்குறையைச் சுட்டுதல் இகழ்ச்சியன்று. குறையைக் காணும் கண்ணே நிறையையும் உள்ளவாறு காணும்.

கூரையடித் தாங்குகற்கள்

கோயிலின் வெளிப்புறத்தே, கூரை விளிம்பின் கீழ், சுவரைச் சுற்றி வரிசையாகத் தாங்குகற்கள் உள்ளன. தொடக்கத்தில் 91 இருந்தன. இன்று 85 எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஓர் உருவம். சிலுவை தாங்கிய ஆட்டுக்குட்டி கிறிஸ்துவைக் குறிப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் அடுத்தடுத்து வருவன யாவை? ஒரே கல்லில் தோழரைப்போல் அமர்ந்திருக்கும் வேட்டைநாயும் முயலும். இசைக்கருவி மீட்டும் ஒருவர். அணைத்துக்கொள்வாரோ மற்போர் செய்வாரோ எனத் தோன்றும் இருவர். பெயரறியா விலங்குத் தலைகள். இவற்றினிடையே, பெண்ணின் உடலை மறைப்பின்றி மிகைப்படுத்திக் காட்டும் உருவமும் ஒன்றுண்டு. இத்தகையவற்றை ஷீலா-நா-கிக் என்னும் பெயரால் அழைப்பர். மேற்குச் சுவரிலோ, வாய் பிளந்த பெரும் அரவத் தலைகள் மரக்கலத்தின் முகப்புப்போல் வெளியே நீண்டு நிற்கின்றன.

உரை கண்டோர் மூவகையினர்

இத்தாங்குகற்களுக்குப் பொருள் கூறியோரை மூவகைப்படுத்தலாம். முதல்வகையார் எல்லாவற்றையும் சமயக் குறியீடாகக் கொண்டோர். ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் என்னும் ஓவியர் 1842ஆம் ஆண்டில் கில்பெக் கோயிலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நேரில் கண்டு வரைந்த அவருடைய படங்கள் பெரும்பயன் உடையன. ஆனால் ஒவ்வொரு கல்லும் ஒரு மறைபொருளைப் போதிக்கிறது என்னும் துணிபு அவரை வழிதவறச் செய்தது. மேற்குறித்த பெண்ணுருவை அவர் ஒரு பேதையின் உருவமாகக் கொண்டார். உடலிற் காணும் பிளவு எல்லார்க்கும் திறந்து கிடக்கும் நெஞ்சத்தைக் குறிக்கும் என விளக்கினார். கல்லின் முன் அமர்ந்து வரைந்த ஒருவரே கல்லில் உள்ளதைக் காணாது போனார். காணும் முன்னரே பொருளை முடிவு செய்தமையே இதற்குக் காரணம்.

இரண்டாம் வகையார் எல்லாவற்றையும் கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட பழஞ்சமயத்தின் எச்சமாகக் கொண்டோர். 1934இல் மார்கரெட் மர்ரே இத்தகைய பெண்ணுருக்களை வளமையைக் குறிக்கும் உருக்களோடு இணைத்து எழுதினார். வாயில் இலைக்கொடியுடன் தோன்றும் முகத்துக்கு 'பச்சை மனிதன்' என்னும் பெயரை 1939இல் வழங்கியவர் சீமாட்டி ராக்லன். கில்பெக் வாயிலில் அம்முகம் செதுக்கப்பெற்று ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பெயர் எழுந்தது. ஆயினும் இன்று பலர் அப்பெயரைக் கல்லோடு பிறந்ததாகவே கருதுகின்றனர். பெயரின் கவர்ச்சி வரலாற்றின் இடத்தைக் கவர்ந்துகொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் வகையார் ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டோர். அந்தோணி வீர், ஜேம்ஸ் ஜெர்மன் ஆகிய இருவர் 1986இல் வெளியிட்ட நூலில், இத்தகைய உருவங்கள் பிரான்சு, ஸ்பெயின் நாட்டுக் கோயில்களிலும் உள்ளமையை எடுத்துக்காட்டினர். காமத்தின் கேட்டை உணர்த்தும் எச்சரிக்கையாகவே அவை செதுக்கப்பெற்றன என்பது அவர்தம் முடிபு. ஓருருவை அதன் இனத்தோடு வைத்து நோக்கும் இம்முறை முந்தைய இரண்டினும் மேம்பட்டது. எனினும் இதனையும் எல்லாக் கற்களுக்கும் ஒரே திறவுகோலாக்கினால் பழைய பிழையே மீளும். நாயும் முயலும் அருகருகே அமர்ந்திருப்பதில் என்ன எச்சரிக்கை உளது? செதுக்கியவனின் நகைச்சுவை என அதனைக் கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

அக்காலத்துச் சான்று ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். கிளேர்வோவின் புனித பெர்னார்து ஏறத்தாழ 1125இல் எழுதிய கண்டன நூலில், துறவிமடத்து முற்றங்களில் விந்தை விலங்குருக்களைச் செதுக்குவதை வன்மையாகக் கடிந்தார். அவை அங்கே எதற்கு என வினவினார், நூலைக் கற்க வேண்டிய துறவியர் கல்லைக் கற்றுப் பொழுதைக் கழிப்பர் என வருந்தினார், செலவையும் சுட்டினார். அவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் ஒரு மறைபொருளைப் போதிப்பதாக அவர் கருதியிருப்பின் இவ்வாறு வினவியிரார். அதே நேரத்தில், எளிய மக்களின் பக்தியைத் தூண்டும் பொருட்டு ஆயர்கள் தம் கோயில்களை அணிசெய்வதன் காரணத்தை அவர் உணர்ந்தே இருந்தார். எனவே கேள்வி உருவத்தைப் பற்றியது மட்டுமன்று. அது நிற்கும் இடத்தையும் காண்பவர் நிலையையும் பற்றியதாகும்.

இடமே முதல் உரை

இங்கேதான் கில்பெக் கோயில் தன் பொருளைத் தானே திறந்து காட்டுகிறது. அச்சமூட்டும் அரவத் தலைகளும் வேடிக்கை உருக்களும் பெரும்பாலும் கோயிலின் வெளியே, கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட விளிம்பில் நிற்கின்றன. உலகின் இரைச்சலெல்லாம் அங்கே உள்ளது. வாயிலில் அவ்வுலகம் ஒழுங்கு பெறுகிறது. விலங்குகள் வட்டத்துள் அடங்குகின்றன. நடுவில் வாழ்வின் மரம் தழைக்கிறது. உள்ளே செல்லின் சுவர்கள் அமைதியுறுகின்றன. புனிதர் அறுவர் மட்டுமே இருமருங்கும் நிற்கின்றனர். அதற்கப்பால் பலிபீடம். வெளியிலிருந்து உள்ளே நடக்கும் ஓர் உழவன் எழுத்தொன்றும் அறியாமலேயே இவ்வரிசையைத் தன் கால்களால் கற்றிருப்பான்.

இவ்விளக்கமும் ஓர் உரையே எனலாம். உண்மைதான். ஆனால் இது கல் நிற்கும் இடத்திலிருந்தே எழுகிறது. எவரும் சென்று சரிபார்க்கத் தக்கது. தனித்தனித் தாங்குகல்லுக்குப் பொருள் கூற இது முனையவில்லை. தெரிந்ததை உறுதியாகவும் தெரியாததை அடக்கமாகவும் கூறும் உரையே கற்பிப்போர்க்கு ஏற்ற உரையாகும்.

இடம் இழந்த கல்

இடத்தின் இன்றியமையாமையை ஷொப்டன் என்னும் ஊர் வேறொரு வழியால் உணர்த்துகிறது. கில்பெக்குக்கு வடக்கே உள்ள அவ்வூரில், ஹியூ மார்ட்டிமர் என்னும் பெருநிலத் தலைவனின் மேலாளனான ஆலிவர் தெ மெர்லிமாண்ட் ஒரு கோயில் எழுப்பினான். சந்தியாகோவுக்குத் திருப்பயணம் சென்று மீண்டவன் அவன். அக்கோயிலின் சிற்பங்கள் கில்பெக் சிற்பங்களுக்கு உடன்பிறந்தவை. கம்போஸ்தெலாவின் சாயல் கில்பெக்கை அடைந்த வழியும் இதுவே எனக் கருதுவர்.

18ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அக்கோயில் இடிக்கப்பெற்றது. அதனிடத்தில் அக்காலச் சுவைக்கேற்பப் புதிய கோயிலொன்று எழுந்தது. பழைய கோயிலின் உள்வளைவையும் வாயில்களையும் எறிந்துவிடவில்லை. அவற்றை அழகென்று கருதியே அருகிலிருந்த மேட்டின்மீது, தொலைவிலிருந்து காண்போர் கண்ணுக்கு விருந்தாக நிறுத்தினர். கூரையின்றி, சுவரின்றி, மழையிலும் பனியிலும் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அக்கற்கள் இன்று பெரிதும் தேய்ந்து உருவிழந்துள்ளன. அவற்றின் முன்னைய தோற்றத்தை அறிய, கில்பெக்கை வரைந்த அதே லூயிஸ் 1852இல் வெளியிட்ட படங்களையே நாடவேண்டியுள்ளது. பொருள் கூறுவதில் தவறிய அவ்வோவியர், உருவைக் காத்துத் தந்ததில் பெருந்தொண்டு ஆற்றினார் என்பதையும் நன்றியோடு குறித்தல் வேண்டும்.

ஷொப்டன் கற்கள் பகைவரால் சிதைக்கப்பெறவில்லை, பாராட்டினோராலேயே சிதைந்தன. அவர்கள் சிற்பத்தை விரும்பினர். சிற்பத்தின் இடத்தை மதிக்கவில்லை. வாயில் என்பது ஒன்றினுள் நுழைவதற்கு அமைந்தது. நுழைவதற்கு ஒன்றுமில்லாத வாயில் வெறும் அணிகலனாகிறது. கூரையின் காவலை இழந்தபோது கல்லும் தேய்ந்தது. கோயிலின் உறவை இழந்தபோது பொருளும் தேய்ந்தது.

பழங்கட்டடங்களைத் தம் விருப்பம்போல் புதுக்கும் போக்கு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தெங்கும் மிகுந்தது. அதனை எதிர்த்து, 1877இல் வில்லியம் மாரிஸ் முதலானோர் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர். பழமையை மீட்பதாகக் கருதி இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதைச் சுரண்டுவதும் தகா. உள்ளதை உள்ளவாறு பேணி, அன்றாடம் பழுதுபார்த்துக் காத்தலே கடன் என்பது அவர்தம் கொள்கை. கட்டடத்துக்குச் சொல்லப்பெற்ற இக்கொள்கை உரைக்கும் பொருந்தும்.

கற்பிப்போர் கடன்

மாணவர்க்கு ஒரு படைப்பை அறிமுகப்படுத்தும்போது அதன் பொருளை முதலில் கூறிவிடுவது எளிது, காலமும் மிச்சமாகும். தேர்வுக்கும் அது போதுமானதாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு கற்ற மாணவன் லூயிஸைப்போல், கண்முன் உள்ளதையும் காணாதவனாகிவிடக்கூடும். கில்பெக்கின் படமொன்றை மாணவர் முன் வைத்து, 'இதில் என்ன உள்ளது? அது எங்கே உள்ளது? அதன் அருகில் யாது உள்ளது?' என்னும் மூன்று வினாக்களை முதலிற் கேட்டல் வேண்டும். 'அதன் பொருள் யாது?' என்பது நான்காவது வினாவாகவே வருதல் முறை. செய்யுளைக் கற்பிக்கும்போதும் இம்முறை பயன் தரும்; சொல்லையும் அது நிற்கும் இடத்தையும் அறிந்தபின் வரும் கருத்தே மாணவனுக்கு உரிமையாகும்.

85 கற்களுள் பலவற்றுக்கு இன்னும் உறுதியான பொருள் கிடைத்திலது. அதனால் கில்பெக்கின் பெருமை குறைந்துவிடவில்லை. ஊர்மக்கள் இன்றும் அவ்வாயிலின் வழியே வழிபாட்டுக்குச் செல்கின்றனர். நாயும் முயலும் கூரையடியிலிருந்து அவர்களை நோக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.